டெல்லியில் மூடிய கம்பெனி

திருப்பூரில் யாரிடமாவது போய், "தொழில் எப்படிங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வாசலில் புதுக் கார் நிற்கும், உள்ளே மிஷின் இரைச்சலில் காது கிழியும். ஆனாலும் முகத்தை ஏழு முழத்துக்குத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எங்கீங்க, ஒண்ணும் சரியில்லீங்க. இப்படியே போனா இழுத்து மூட வேண்டியதுதானுங்க" என்பார்கள். நன்றாக ஓடுகிறது என்று சொன்னால் கண் பட்டுவிடும், கைமாற்று கேட்பார்கள், வரிக்காரன் மோப்பம் பிடிப்பான். இதை ஊரில் யாரும் பொய்யென்று எடுத்துக்கொள்வதில்லை. வணக்கத்துக்கு வணக்கம் மாதிரி இதுவும் ஒரு மரியாதை. செல்லாத்தாள் செய்ததும் அந்த மரியாதைதான். அது டெல்லி வரைக்கும் போகும் என்று அவள் என்ன கனவா கண்டாள்?

நெருப்பெரிச்சலில் அவளுக்கு ஒரு சின்னத் தையல் கம்பெனி இருந்தது. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் துணியை வெட்டி வேனில் அனுப்புவார்கள்; இவள் பனியனாகத் தைத்துத் திருப்பி அனுப்புவாள். புருஷன் பழனிமுத்து காங்கேயத்துப் பக்கம் தோட்டமும் மாடுமாக இருந்துகொண்டார். கம்பெனியின் நல்லது கெட்டது எல்லாம் இவள் தலையில்தான். டைலர்கள் முக்கால்வாசிப் பேர் தெற்கத்திச் சீமைக்காரர்கள். அவர்களில் மூத்தவர்கள் ராக்கையாவும் அவன் மனைவி ராமுத்தாயும்.

அந்த வருஷம் ஆடி மாசத்தில்தான் ஒரு தனியார் வங்கி கவிழ்ந்தது. கொடுக்கக்கூடாத ஆட்களுக்கெல்லாம் கடனை அள்ளிக் கொடுத்துவிட்டு மூச்சுத் திணறி நின்றது. செலவுக்கு ஏதோ கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் உள்ளேயே கிடக்கட்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. பயம் சும்மா இருக்குமா? நாடு முழுக்க மற்ற வங்கிகளின் வாசலிலும் வரிசை நின்றது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் தினமும் எழுந்து நின்று, இத்தனை நாள் அரசாங்கம் தூங்கியதா, சின்ன மனிதர்களின் பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நிதி மந்திரி, "நிலைமையைக் கவனித்து வருகிறோம்" என்றார். கவனித்துக்கொண்டேதான் இருந்தார்.

டைலர்களுக்குக் கொடுக்கச் செல்லாத்தாள் வைத்திருந்த சம்பளப் பணம் அந்த வங்கியில் மாட்டிக்கொண்டது. திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அது தவறினால் திங்கட்கிழமை காலையில் டைலர் அடுத்த கம்பெனி மிஷினில் உட்கார்ந்திருப்பான். சண்டை சச்சரவு ஒன்றும் இருக்காது. கத்தரிக்கோலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வாரேங்க்கா" என்று போய்விடுவான். ஆள் போனால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் கம்பெனி போகும். முதல் சனிக்கிழமையை அங்கே இங்கே புரட்டிச் சமாளித்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் கிட்டுசாமி அவளைப் பிடித்தார். எதிர்க்கட்சியின் வார்டு செயலாளர். அவர்கள் கட்சி எம்.பி. ஒருவர் டெல்லியில், நாடாளுமன்ற மேலவையில் இருந்தார். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி விசாரித்துச் சொல்லும்படி அவரிடமிருந்து போன் வந்திருந்தது.

"உன்ற நெலமை எப்படி அம்முணி?"

"அதை ஏனுங்ண்ணா கேக்கறீங்க. கம்பெனிய இழுத்து மூடியாச்சுங்க. டைலருங்க எல்லாம் நடுத்தெருவுல நிக்கறாங்க."

சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போனாள். அவசர ஆர்டர், அன்றைக்கும் மிஷின் ஓடியது. கிட்டுசாமியும் இந்த ஊர்க்காரர்தான், இந்தப் புலம்பலின் அர்த்தம் அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் கட்சிக்காரர் காதுக்கு எது வேண்டுமோ அதுதான் விழும்.

திங்கட்கிழமை மேலவையில் எம்.பி. எழுந்தார். சாயங்காலம் பேக்கரி டிவியில் அதைக் காட்டினார்கள். "திருப்பூர் நெருப்பெரிச்சலில் செல்லாத்தாள் என்ற சகோதரியின் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. தொழிலாளர்கள் தெருவில் நிற்கிறார்கள். இந்த அரசு என்ன பதில் சொல்லப் போகிறது?" எதிர்க்கட்சி வரிசை முழுக்க எழுந்து நின்று கத்தியது. தன் பெயர் டெல்லியில் ஒலித்ததில் செல்லாத்தாளுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம்தான் இதே பேக்கரியில் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறான் என்பார்களே, அவன் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தான், இன்றைக்கு எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டான்.

மறுநாள் காலையில் எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர் சரவணக்குமார் காலி வேனோடு வந்து நின்றான்.

"ஏனுங்க்கா, கம்பெனி மூடியாச்சாமா. தைக்கக் குடுத்த பீஸெல்லாம் ஏத்திட்டு வரச் சொல்லிட்டாருங்க எம்.டி."

"மிஷின் ஓடற சத்தம் உனக்குக் கேக்கலயா கண்ணு?"

"எனக்குக் கேக்குதுங்க. எம்.டி.க்கு டிவி சத்தம்தானுங்களே கேட்டுருக்குது. நாளைக்கு நெசமாவே மூடிட்டீங்கன்னா ஷிப்மெண்ட் போயிருமுங்க்கா."

அவனைக் கெஞ்சி நிறுத்தி வைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜீப் வந்தது. வருவாய் ஆய்வாளர் இறங்கினார். எம்.பி. சொன்னது நிஜமா என்று மந்திரி கலெக்டரிடம் கேட்டிருக்கிறாராம்; மதியத்துக்குள் டெல்லிக்குப் பதில் போக வேண்டுமாம். ஜீப்பின் பின்னாலேயே மொபெட்டில் பறந்து வந்த கிட்டுசாமி அவளை ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"அம்முணி, மூடியாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. இல்லீன்னா எங்க எம்.பி. சபையில பொய்யராயிருவாரு. அதையே சாக்கா வெச்சுட்டு பேங்க் விசயத்தையே ஊத்தி மூடிருவாங்க. உன்ற பணத்துக்குத்தான் அவரு அங்க கத்தறாரு."

அவர் சொன்னதும் நியாயம்தான். ஓடுகிறது என்றால் மந்திரி சிரித்துக்கொண்டே தப்பித்துவிடுவார், பணம் வராது, சனிக்கிழமையோடு கதை முடிந்தது. மூடியாச்சு என்றால் இதோ நிற்கிற வேனில் இப்போதே ஆர்டர் ஏறிவிடும். வேலியில் போன ஓணானைத் தானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று செல்லாத்தாளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. உள்ளே பார்த்தாள். டைலர்கள் குனிந்த தலை நிமிராமல் தைத்தார்கள். மிஷின் சத்தம் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவள் ஆய்வாளர் முன்னால் போய் நின்றாள்.

"எழுதிக்கங்க சார். கம்பெனி ஓடுதுங்க. மூடியாச்சுன்னு வாய்க்கொழுப்புல சொன்னது நானுங்க. எம்.பி. மேல தப்பில்லீங்க."

கிட்டுசாமி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்படியே இதையும் எழுதிக்கங்க. பேங்க்கத் தொறந்து என்ற பணத்தக் குடுக்கலீன்னா சனிக்கிழமை சம்பளம் இல்லீங்க. சம்பளம் இல்லீன்னா திங்கக்கிழமை இங்க ஒரு மிஷின் ஓடாதுங்க. அன்னிக்கு எம்.பி. சொன்னது நெசமாயிருமுங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்மா" என்றார் ஆய்வாளர்.

"என்ற கம்பெனியப் பத்தித்தானுங்களே கேட்டீங்க? இதுவும் அதப் பத்தித்தானுங்க. எழுதலீன்னா நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

ஆய்வாளர் பெருமூச்சு விட்டு எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏனுங்ண்ணா, பார்த்துட்டே நிக்கறீங்களே, இதை ஒரு எழுத்து விடாம உங்க எம்.பி.க்குச் சொல்லிப்போடுங்க" என்றாள். கிட்டுசாமி செல்போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார். சரவணக்குமாருக்கும் மனசு கேட்கவில்லை. "சாயங்காலம் நியூஸ் வரைக்கும் வேன் இங்கயே நிக்கட்டுமுங்க்கா. அதுக்கு மேல என்னால ஆகாதுங்க" என்றான்.

சாயங்காலம் பேக்கரியில் கூட்டம் நெரிந்தது. டிவியில் நிதி மந்திரி புன்சிரிப்போடு எழுந்தார். உறுப்பினர் குறிப்பிட்ட கம்பெனி நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிறது, உரிமையாளரே எழுதிக் கொடுத்திருக்கிறார், உறுப்பினர் சபையைத் தவறாக வழிநடத்திவிட்டார் என்றார். ஆளும் கட்சி வரிசையில் மேஜையைத் தட்டினார்கள். அப்போது எம்.பி. எழுந்தார். "அந்தச் சகோதரி சொன்னதில் பாதியைத்தான் அமைச்சர் வாசித்திருக்கிறார். மீதியையும் வாசிக்கட்டும்" என்றார். வாசி, வாசி என்று எதிர்க்கட்சி முழுக்க எழுந்து நின்றது. சபையை ஒத்திவைத்தார்கள். திரும்பக் கூடியபோது மந்திரியின் முகத்தில் சிரிப்பு இல்லை. மீதியையும் வாசித்தார். வாசித்துவிட்டு, அந்த வங்கியை அரசு வங்கி ஒன்று ஏற்றுக்கொள்கிறது, வெள்ளிக்கிழமை எல்லாக் கிளைகளும் திறக்கும், பணம் போட்டவர்கள் யாருக்கும் நஷ்டம் வராது என்றார்.

செல்லாத்தாள் சொன்ன சொல்லுக்கு அரசாங்கமே பணிந்தது என்று நெருப்பெரிச்சலில் இன்றைக்கும் சொல்வார்கள். அது ஊர்ப் பெருமை. முடிவை அதற்கு முன்பே எடுத்திருப்பார்கள். ஆனால் சொல்லாமல் இழுத்தடித்தவரை அன்றைக்கே சொல்ல வைத்தது அந்தக் கூச்சல்தான். அவ்வளவு பாராட்டாவது கொடுக்க வேண்டும்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது செல்லாத்தாளுக்கு. சரவணக்குமார் எம்.டி.யிடம் போனில் பேசிவிட்டு, காலி வேனைத் திருப்பிக்கொண்டு போனான். கிட்டுசாமி தன் செலவில் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் பை திறந்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. அவள் எதையும் வாயில் வைக்காமல் கம்பெனிக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேதியைச் சொன்னாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ராமுத்தாய் மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"ஏன் ராமுத்தாயி அழுவற? அதான் சனிக்கிழமை சம்பளம் வந்துருமே."

"சம்பளத்துக்கு இல்லக்கா" என்றாள் ராமுத்தாய். "எங்க துட்டும் அந்த பேங்க்குலதான் கெடந்துச்சு. ஊர்ல ஒரு வீடு கட்டணும்னு சேத்த துட்டு. எங்களது மட்டுமில்ல, இந்தக் கம்பெனில எல்லாரு துட்டும் அங்கனதான்."

செல்லாத்தாளுக்குத் திக்கென்றது. போன வருஷம் அந்த வங்கிக்காரப் பையன்கள் டை கட்டிக்கொண்டு கம்பெனிக்கே வந்தார்கள். நம்பலாமா அக்கா என்று இவர்கள் கேட்டபோது, நானே அங்கதான் போட்டிருக்கறேன், கண்ண மூடிட்டுப் போடுங்க என்று சொன்னவள் அவள்தான்.

"இத்தன நாளா ஏன் ஒருத்தரும் சொல்லல?"

ராமுத்தாய் கண்ணைத் துடைத்தாள். "நீங்களே சோறு தண்ணி இல்லாம அலைஞ்சீக. நீங்க சொல்லித்தான போட்டோம்னு நாங்களும் வந்து நின்னா, ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்லாக்கா."

ராக்கையா நூலை அறுத்துக்கொண்டே, "திங்கக்கெழம மிஷின் ஓடாதுன்னு அந்த சாரு கிட்டச் சொன்னீகள்ல, அது மட்டும்தான் தப்புக்கா" என்றான். "துட்டு வர வரைக்கும் சம்பளம் கேக்காம தைக்கிறதுன்னு நாங்க முந்தியே பேசி முடிச்சிட்டோம்."

செல்லாத்தாள் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து, ராமுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாரம் இறங்கிய அழுகை. யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை, அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ராக்கையா மட்டும் மெதுவாக மிஷினை ஓட்டத் தொடங்கினான்.