டயர் என்று எழுதியிருந்தாள்

ஆறு மணிக்கு எழுந்தான். இரண்டு பேருக்கான காப்பித் தூளைப் போட்டுவிட்டு, பாதியைத் திரும்ப டப்பாவில் கொட்டினான். ஒரு முட்டை, ஒரு ரொட்டி. தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். இரவு இந்த வருடத்தின் முதல் பனி விழுந்திருந்தது. வாசலில் கிடந்த பனியை வாரித் தள்ளினான். அவளுடைய காருக்குப் பின்னாலும் தள்ளினான். அது எங்கும் போகப் போவதில்லை. ஏழரைக்கு வண்டியைக் கிளப்பினான். வழக்கமாக மரக்கிடங்குக்கு, இன்று கல்லூரிக்கு.

ஆர்லோ லெஹ்டினெனின் மனைவி கொரீன் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. சமுதாயக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். முப்பத்து நான்கு வயது. நோய் முற்றியதும் உயில் எழுதினாள். வீடு அவனுக்கு. தன் ஓய்வுக்கால சேமிப்பு முழுவதும் கல்லூரி மாணவர்களுக்கு. என்ன செலவுக்கு என்ற இடத்தில் ஒரே சொல்: டயர்.

நன்கொடைகளைப் பார்க்கும் கிளென்டா அவனை உட்காரச் சொல்லி, மாட்டுக்கறி அடைத்துச் சுட்ட பேஸ்டி ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிட்டேன்," என்றான்.

"முகத்தப் பாத்தா தெரியலையே. சரி, விஷயத்துக்கு வரேன். ட்யூஷன் ஃபீஸுன்னு அடிக்கப் போய் ஃபோன் டயர்னு மாத்திடுச்சோன்னு நினைக்கறோம். மருந்து மயக்கம் வேற."

"கொரீன் எழுதினத மூணு தடவ சரிபார்ப்பா."

"அப்போ டயர்னா என்ன, நீங்களே சொல்லுங்க."

அவனுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் எழுதிய ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை.

கிளென்டா ஒரு தாளை நீட்டினாள். நல்ல மார்க் வாங்கும் மூன்று பேருக்கு வருடாவருடம் கொரீன் பெயரில் உதவித்தொகை. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ஆர்லோவுடையது. அவன் கையெழுத்திட்டால் டயர் என்ற சொல் போய்விடும். மதியம் கல்லூரியின் நன்கொடைக் குழு கூடுகிறது.

"நினைவுப் பலகையில போட, கடைசியா அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல," என்றான். பொய். அவள் சொன்னது பலகையில் போடுகிற மாதிரி இல்லை.

கொரீனின் கல்லூரி அறைச் சாவியை ஒப்படைக்க, அது கிடந்த அவளுடைய குளிர்கால கோட்டோடு வந்திருந்தான். கோட்டுப் பையில் கைவிட்டபோது சாவியோடு ஒரு சென்ட் நாணயமும் வந்தது. விளிம்பெல்லாம் கறுப்பு. விரலிலும் ஒட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், பத்து நிமிடம் வேண்டும் என்று சொல்லி வெளியே போனான்.

கார் நிறுத்துமிடத்தில் ரூடி குனிந்திருந்தார். வண்டி ரிப்பேர் வகுப்பு நடத்துகிறவர். ஒவ்வொரு காராகப் போய், டயர் வரிகளுக்குள் ஒரு சென்ட்டைத் தலைகீழாகச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாணயத்தில் இருக்கும் லிங்கனின் தலை முழுசாகத் தெரிந்தால் டயர் தேய்ந்து மொட்டை. அந்த ஊரில் வண்டி ஓட்டத் தொடங்கும் பதினாறு வயதிலேயே எல்லோருக்கும் தெரிகிற விஷயம்.

"என்ன பண்றீங்க, ரூடி?"

"உன் பொண்டாட்டி வேலைய. முதல் பனி விழுந்தா காலங்காத்தால வந்துடுவா. அவ குனிஞ்சா நிமிர்ந்துடுவா. நான் குனிஞ்சா கிரேன் கூப்பிடணும்."

மொட்டை டயர் இருந்தால் கண்ணாடியில் சீட்டு வைப்பாளாம்: அறை 114-க்கு வரவும், மார்க் விஷயம் இல்லை. டயர் வாங்குவது அவள். மாட்டுவது ரூடியின் வகுப்பு.

"எத்தன பேருக்கு?"

"எவன் எண்ணினான்? படிப்ப விடறவன் ஃபாரத்துல சொந்தக் காரணம்னு எழுதுவான். நாப்பது மைல் பனியில மொட்டை டயரோட வர பயம்னு எவன்யா எழுதுவான்? அதக் கண்டுபிடிச்சவ அவதான். இந்தக் கட்டடத்துல இத்தன டாக்டர் பட்டம் இருக்கு, ஒருத்தருக்கும் தோணல."

"எங்கிட்ட சொல்லவே இல்ல."

"சொன்னா நீ எத்தன வண்டி, எவ்வளவு செலவுன்னு கணக்குப் பாப்ப, அவளத் தூங்கச் சொல்லுவ. அது கிடக்கட்டும், உன் டயரப் பாத்து எத்தன நாளாச்சு? அவ லிஸ்ட்ல முதல் பேரு நீதாம்பா."

ஆர்லோ உள்ளே போனான். தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி வைத்தான்.

"டயர்தான். எழுத்துப் பிழை இல்ல. மார்க் பாக்கக் கூடாது. ரூடி எல்லாம் சொல்வாரு."

"கொரீன் லெஹ்டினென் டயர் நிதின்னு பலகை வெச்சா சிரிப்பாங்க, ஆர்லோ."

"சிரிக்கட்டும். அவளுக்கும் பிடிக்கும்."

கிளென்டா பேனாவை எடுத்தாள். மூன்று பேர், நல்ல மார்க் என்ற வரிகளைக் குறுக்காக அடித்தாள். "குழுகிட்ட நான் பேசிக்கறேன். இந்த பேஸ்டிய மட்டும் எடுத்துட்டுப் போங்க, புண்ணியமா போகும்."

வாங்கிக்கொண்டான். பாதியை ரூடியிடம் கொடுத்து, மேற்கு வரிசையைத் தான் பார்ப்பதாகச் சொன்னான். தன் வண்டியிலிருந்து ஆரம்பித்தான். பின் டயரில் பனியைத் துடைத்து அவளுடைய சென்ட்டைச் செருகினான். லிங்கனின் தலை முடி வரை தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடியபடிதான் பேசினாள். மருந்தில் உளறுகிறாள் என்று நினைத்து, சரி சரி என்று போர்வையை இழுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"என் கோட்டுல ஒரு சென்ட் இருக்கு, ஆர்லோ. பனிக்கு முன்னாடி எடுத்துக்க."