கட்டிப்பிடித்ததில் முறிந்த எலும்பு

மஸ்கட் விமான நிலையத்தில் மகன் கட்டிப்பிடித்தபோது, தக்ஷாயினிக்கு விலாவில் ஏதோ நறுக்கென்றது. மூன்று வருடத்துக்குப் பிறகு ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரே பிள்ளை சுகிர்தன். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து தாயைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது.

“அம்மா, என்ன செய்யுது?”

“ஒண்டுமில்லை. இறக்கி விடு.”

வழியெல்லாம் வாயு என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். நகரின் ரூவிப் பகுதியில் இருந்த வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்க முடியாமல் போனபோதுதான் கணவர் ஆனந்தராசா பயந்து, காரை நேரே மருத்துவமனைக்குத் திருப்பினார்.

டொக்டர் மஹதி மதுரைக்காரி. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “விலா எலும்பு முறிஞ்சிருக்கே, எங்கயாச்சும் விழுந்தீங்களா?” என்று கேட்டார்.

சுகிர்தனின் முகம் வெளிறிப்போனது. “நான்தான் கட்டிப்பிடிச்சனான்,” என்றான், கொலையை ஒப்புக்கொள்பவன் போல.

“கட்டிப்பிடிச்சால் எலும்பு முறியுமோ டொக்டர்?” என்று கேட்டார் ஆனந்தராசா.

முறியும் என்றது பிறகு எடுத்த எலும்பு ஸ்கேன். மாதவிடாய் நின்றபோது ‘சனியன் துலைஞ்சுது’ என்று நிம்மதிப்பட்டவள் தக்ஷாயினி. அதோடு எலும்பைக் காத்துவந்த சுரப்பும் வற்றிப்போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அலுவலகத்தில் நாற்காலி, வீட்டில் சோபா, இடையில் காரும் லிஃப்ட்டும். ஐம்பத்தாறு வயதுவரை தலையிடியைத் தவிர வேறு நோய் அறியாத உடம்பு, உள்ளே இப்படி உளுத்துப்போயிருந்ததா?

மருந்து எழுதிக்கொடுத்த டொக்டர், “விலா ஆறினதும் உடற்பயிற்சி ஆரம்பிக்கணும். நல்லா நடக்கணும், கொஞ்சம் கொஞ்சமா வெயிட் தூக்கணும்,” என்றார்.

“பாரம் தூக்கிறதோ? மகன் தூக்கினதுக்கே முறிஞ்சு போச்சே!”

“அதனாலதாம்மா. எலும்புக்கு வேலை குடுத்தாத்தான் தேயிறது குறையும்.”

ஆனந்தராசா இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேத்தண்ணிக் கேத்திலைக்கூட அவளைத் தூக்க விடவில்லை. சுகிர்தனோ தாய்க்குப் பக்கத்தில் வரவே அஞ்சினான். லீவு முடிந்து போகும்போது எட்டத்தில் நின்று கையை மட்டும் அசைத்தான். எலும்பு முறிந்த அன்றுகூட அழாதவள், அன்றைக்கு விக்கி விக்கி அழுதாள்.

விலா ஆறியதும் பிசியோதெரபிக்குப் போனாள். அங்கே இருந்த தன்யா, கோயம்புத்தூர்ப் பிள்ளை, “ஆன்ட்டி, கைய ஊணாம நாற்காலியில இருந்து எந்திரிங்க பாக்கலாம்,” என்றாள்.

இதென்ன பெரிய காரியம் என்று எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடியும் முயன்றாள். தொடை நடுங்கி, பொத்தென்று இருந்துவிட்டாள். தன் கால்களையே பார்த்தபடி இருந்தாள். இந்தக் கால்களின் பலமெல்லாம் எப்போது தன்னைவிட்டுப் போயிற்று?

வீட்டுக்குக் குட்டி டம்பெல் இரண்டு வாங்கிவந்த அன்று கணவரோடு சண்டை.

“உமக்கென்ன விசரே? சும்மா இரும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

“இஞ்சாருங்கோ, சும்மா இருந்துதான் நான் இப்பிடி ஆனனான்!”

அவள் நிறுத்தவில்லை. பின்னேரங்களில் வேகநடை, கோடையில் மால் உள்ளே. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பாள். சில நாள் சலித்துப்போய் விட்டுவிடுவாள், பிறகு தொடங்குவாள். நித்திரை நன்றாக வந்தது.

ஆனால் அடுத்த ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி கூடவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“குறையலையேம்மா, அதுவே பெரிசு,” என்றார் டொக்டர். அவளுக்கு மனம் ஆறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, கூட வேலை செய்யும் செல்லத்தோடு மரக்கறி வாங்கப் போனாள். கடையில் அப்போதுதான் துடைத்திருந்த தரை. வலது கால் சர்ரென்று வழுக்கியது. “ஐயோ!” என்று செல்லம் அலறியதில் அவள் கையிலிருந்த கூடை நழுவி வெங்காயமெல்லாம் உருண்டோடியது. தக்ஷாயினியின் இடது கால் அழுத்தி ஊன்றியது. உடம்பு ஒருமுறை ஆடி, நிமிர்ந்து நின்றது.

விழவில்லை. இடுப்பைத் தடவிப் பார்த்தாள், மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, வழுக்கிப் போச்சு. ஆனால் நான் விழயில்லையடா.”

மறுமுனையில் அவன் பதறினான். “விழயில்லையெண்டால் பிறகு ஏனம்மா அழுறீங்கள்?”

“அடுத்த முறை வரேக்கை எட்ட நிக்காதையடா,” என்றாள். பக்கத்தில் செல்லம் குனிந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.