எங்க மோமொசே

தொலைபேசி அடித்தால் நான் குடுவை கழுவப் போய்விடுவேன். குழாயில் தண்ணீர் ஓடும்போது மணிச் சத்தம் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

கூச்சம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி வேறு. "கமிஜோ-ஸான் இருக்காரா?" என்று வெளியிலிருந்து கேட்பார்கள். கமிஜோ எங்கள் பிரிவுத் தலைவர். உள்ளே நாங்கள் எல்லோரும் அவரைக் கமிஜோ-ஸான் என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனால் வெளி ஆளிடம் பேசும்போது நம் ஆளின் பெயரோடு ஸான் என்ற மரியாதையை ஒட்டக் கூடாது. நம் ஆளை நாமே உயர்த்திப் பேசினால் எதிரில் இருப்பவரைத் தாழ்த்திய மாதிரி ஆகிவிடும். "எங்க கமிஜோ இப்போ இங்க இல்லைங்க" என்று மொட்டையாகச் சொல்ல வேண்டும். நேற்று சேர்ந்த பெண்ணும் தலைவரை அப்படித்தான் சொல்வாள்.

அவர் எனக்கு "எங்க" கமிஜோவா என்பதுதான் என் கேள்வி. நான் ஏஜென்சி அனுப்பிய ஆள். சம்பளம் ஏஜென்சியிலிருந்து வருகிறது. மார்ச் முடிவில் ஒப்பந்தம் முடிகிறது. ஸானை விட்டுவிட்டால் எனக்கு இல்லாத உரிமையை எடுத்துக்கொண்டது போல் இருக்கும். ஸானைச் சேர்த்தால் விவரம் தெரியாதவள் ஆகிவிடுவேன். அதனால் தப்பிக்க முடியாமல் ரிசீவரை எடுத்த நாட்களில், "பொறுப்பாளர் இப்போ இங்க இல்லைங்க" என்று சொல்லி வந்தேன்.

அதையும் ஹிராபயாஷி கவனித்துவிட்டார். எங்களில் மூத்தவர். ஸானெல்லாம் வேண்டாம், அக்கா என்றே கூப்பிடுங்கள் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டவர். எல்லோருக்கும் அவர் ஹிரா அக்கா.

"மோமொசே-ஸான், நம்ம தலைவருக்குப் பேரே வெக்கலையா? பொறுப்பாளர் பொறுப்பாளர்னா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுட்டோமோன்னு பயந்துடப் போறாங்க."

டிசம்பரில் ஒரு மாலைத் தேநீரின்போது ஹிரா அக்காதான் பெயர்களைப் பற்றிய பேச்சைத் தொடங்கினார். அவர் வீட்டில் போட்ட கீரைத்தண்டு ஊறுகாயைக் கொறித்துக்கொண்டிருந்தோம். யார் யாருக்கு எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேட்டார். ஷியோசாவா உடனே முறையிட்டார். முப்பது வயதாகிவிட்டதாம், இன்னும் பையனைக் கூப்பிடுவதுபோல ஷியோசாவா-குன் என்கிறோமாம். கல்யாணம் ஆனதும் மாற்றுகிறோம் என்றார் அக்கா. பெண்ணே கிடைக்கவில்லையே என்றார் ஷியோசாவா. அப்படியானால் ஓய்வு பெறும் வரை குன்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. தன்னை வீட்டில் மகள் "ஹூம்" என்று மட்டும்தான் கூப்பிடுகிறாள், அதனால் ஆபீசில் எது கிடைத்தாலும் லாபம் என்றார் கமிஜோ-ஸான்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குப் பதில் தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் என்னை வெறும் மோமொசே என்பார்கள். "மோமொசே, அந்த பிப்பெட்ட எடு." மூன்று வருடம் அப்படி. அங்கே என் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை, அதனால் எனக்கும் அவர்களுக்கும் நடுவிலும் எதுவும் இல்லை என்று தோன்றும். அதன் பிறகு முதலில் வேலை பார்த்த இடத்தில் என் பெயரையே யாரும் சொல்லவில்லை. அங்கே நான் ஏஜென்சி-ஸான். இங்கே மோமொசே-ஸான். அதுவே பெரிய முன்னேற்றம்தான். ஸான் வேண்டும், அக்கா வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். அதை எடுத்துவிடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அது மற்றவர்கள் தாமாக விட வேண்டியது.

"எதுவா இருந்தாலும் பரவாயில்லைங்க" என்றேன்.

"எதுவா-இருந்தாலும்-ஸான், ஊறுகாய் எடுத்துக்கங்க" என்றார் அக்கா.

பிப்ரவரியில் நான் தவறு செய்தேன்.

ஏரிக்கு அந்தப் பக்கம் சாகே என்னும் அரிசி மது காய்ச்சும் ஆலை ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு கிணறுகள். ஒன்றின் தண்ணீரில் சாகே காய்ச்சுகிறார்கள். மற்றதில் இரும்பு அதிகம். தரை கழுவ மட்டும்தான் அது. தண்ணீரில் இரும்பு கொஞ்சம் இருந்தாலும் சாகேயின் நிறமும் மணமும் போய்விடும். அதனால் குளிர்காலம் முழுக்க எங்களிடம் தண்ணீரை அனுப்பிப் பார்ப்பார்கள். நான் கருவியில் அந்த இரண்டு பாட்டில்களையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன். நல்ல கிணற்றில் இரும்பு என்று அறிக்கை போனது. ஆலையில் வேலையை நிறுத்தினார்கள். அன்று காலை கழுவி ஊற வைத்திருந்த அரிசி அத்தனையும் வீணாயிற்று. பிறகு அவர்களுக்கே சந்தேகம் வந்து கூப்பிட்டார்கள்.

மணி அடித்தபோது நான் வழக்கம்போல் குழாயடியில் இருந்தேன். கமிஜோ-ஸான் எடுத்தார். நெடுநேரம் "ஆமாங்க, ஆமாங்க" என்று மட்டும் கேட்டது. பிறகு என்னிடம் வந்து அந்த இரண்டு பாட்டில்களையும் மறுபடி அளந்து பார்க்கச் சொன்னார். அளக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எண்கள் அப்படியே இடம் மாறி வந்தன.

அவர் மேசைக்குப் போய், நான்தான் மாற்றி வைத்தேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, என்னை வைத்துக்கொண்டே ரிசீவரை எடுத்தார்.

என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். முந்தைய இடத்தில் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். "அது ஏஜென்சி ஆள் பண்ணினதுங்க." அந்தத் தவறு என்னுடையதுகூட இல்லை. இது என்னுடையது. மார்ச் வரைகூட ஓடாது என்று நினைத்துக்கொண்டேன். கையுறையைக் கழற்றாமலே நின்றிருந்தேன்.

"எங்க மோமொசே பாட்டில மாத்தி வெச்சுட்டா" என்றார் கமிஜோ-ஸான். "எங்க தப்புதாங்க. பாக்காம கையெழுத்துப் போட்டது நான். நானும் அவளும் இப்பவே அங்க வர்றோம்."

ரிசீவரை வைத்தார்.

"மோமொசே-ஸான், கோட்டு போட்டுக்கங்க. வெளிய வழுக்கும்."

நான் அசையாமல் நின்றதைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். பயம்தான். வெட்கமும்தான். ஆனால் வேறு ஒன்றும் கூடவே வந்துவிட்டது. வரக் கூடாத நேரத்தில்.

போகும் வழியில் ஏரி பாதி உறைந்திருந்தது. கமிஜோ-ஸான் ஒரு கடையில் காரை நிறுத்தி, மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் வாங்கும் கனமான இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கினார். இது கனமாக இருக்கும், இரண்டு கையாலும் பிடியுங்கள் என்று என் மடியில் வைத்தார். 

ஆலை மேலாளர் யசாகி-ஸான் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நான் குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்டேன். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனாலும் கடைசி வரை வந்தது. அவர் இனிப்புப் பெட்டியைப் பார்த்தார், தொடவில்லை. ஊற வைத்த அரிசியைப் பற்றி விவரமாகச் சொன்னார். எந்த வயலில் விளைந்தது, எவ்வளவு தீட்டியது என்பது வரை. நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

கடைசியில், "அடுத்த தடவ யார் அளப்பாங்க?" என்றார்.

"மோமொசேதான்" என்றார் கமிஜோ-ஸான்.

"மாத்தி வெச்சவங்களேவா?"

"ஆமாங்க. இனிமே அந்த ரெண்டு பாட்டிலையும் அவ அளவுக்குப் பயந்து பாக்கற ஆள் எங்ககிட்ட வேற யாரும் இல்ல."

யசாகி-ஸான் சிரிக்கவில்லை. ஆனால் பெட்டியை எடுத்து உள்ளே கொடுத்தார்.

காரில் ஏறியதும் நான் மறுபடி மோமொசே-ஸான் ஆகிவிட்டேன். அது என்னை உறுத்தவில்லை.

மார்ச் தொடக்கத்தில் கமிஜோ-ஸான் என்னைக் கூப்பிட்டு, என்னை நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொள்ளும்படி மேலே கேட்டிருப்பதாகச் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை. வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது என்றார். அந்தத் தவற்றுக்குப் பிறகுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் சொன்ன தேதியைப் பார்த்தால், அதற்குப் பிறகுதான் மேலே கேட்டிருக்கிறார்.

அந்த வாரம் ஒரு காலையில் பனி பெய்துகொண்டிருந்தது. கமிஜோ-ஸான் தண்ணீர் மாதிரி எடுக்க வெளியே போயிருந்தார். தொலைபேசி அடித்தது. நான் குழாயடியில் இருந்தேன். ஹிரா அக்கா தன் கையிலிருந்த அமிலத்தைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். ஷியோசாவா-குன் எதையும் காட்டாமல் என்னைப் பார்த்தார்.

குழாயை மூடினேன்.

யசாகி-ஸான்தான். "கமிஜோ-ஸான் இருக்காரா?"

பொறுப்பாளர் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினேன்.

"எங்க கமிஜோ இப்போ இங்க இல்லைங்க."

சொல்லி முடித்தபோதுதான் பார்த்தேன். வாசல் கதவைத் திறந்துகொண்டு, தோளெல்லாம் பனியோடு, கையில் பாட்டில் பெட்டியோடு அவர் நின்றிருந்தார். என் வாய் திறந்தபடியே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். ரிசீவரைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்து வெளியே போய், சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது தெரிந்தது. பனி பெய்துகொண்டே இருந்தது.

"யார் பேசறது?" என்றார் யசாகி-ஸான்.

"மோமொசேங்க."

 புதன்கிழமை இரண்டு கிணற்றிலும் தண்ணீர் எடுக்க வேண்டும், நீங்களே நேரில் வந்து எடுத்துக்கொண்டால் நல்லது என்றார். பாட்டிலில் கிணற்றின் பெயரைத் தானே தூரிகையால் பெரிதாக எழுதித் தருவதாகச் சொன்னார். வருகிறேன் என்றேன். வைத்தேன்.

ஷியோசாவா-குன் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஹிரா அக்கா அமிலத்தைக் கீழே வைத்தார்.

"மோமொசே, போய் எங்க கமிஜோவ உள்ள கூட்டிட்டு வா. மூக்கு செவந்துபோச்சு பாரு."

நான் கதவைத் திறக்கப் போனேன்.