அறுபத்திரண்டு சதவீதம்

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். வேறு யாரையும் திட்டுவதற்கில்லை.

ஆரம்பாக்கத்தில் ஓர் இறால் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன் நான், பெலிக்ஸ். சர்வரில் இடம் தீர்ந்துபோய், திங்கட்கிழமை ஒரு பில்கூடப் போட முடியாது என்கிற நிலை. நான்கு டிஸ்க் ஒன்றாய்ச் சேர்ந்து ஓடுகிற 'ரெய்டு' அடுக்கில் ஐந்தாவதைச் செருகி, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தட்டிவிட்டேன். போன தடவை ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. அவையெல்லாம் குட்டி டிஸ்க் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

இருப்பதையெல்லாம் பிரித்து ஐந்திலும் புதிதாகப் பரப்புகிற வேலை, நடுவில் நிறுத்த முடியாது. கரன்ட் போய் சர்வர் அணைந்தால் ஆறு வருடப் பதிவும் குப்பை. வேறு நகல் கிடையாது. கேட்டபோதெல்லாம் முதலாளி சாதிக் பாய், "அப்பால பாத்துக்கலாம்பா" என்றார். யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். அதற்குள் யாராவது ஓடி ஜெனரேட்டரைப் போட வேண்டும். அதற்கென்று இருந்த காவல்காரர் கோபாலையும், "நான்தான் கீறேனே, நீ ஊருக்குப் போண்ணா" என்று பெரிய மனுஷன் மாதிரி அனுப்பியாயிற்று. இப்போது அவர் போன் அணைந்து கிடக்கிறது.

ஞாயிறு விடிந்தபோது முப்பத்தைந்து சதவீதம். மூன்று மணிக்கு, ஏரிக்கு அக்கரையில் படகேறிப் போகவேண்டிய எங்கள் ஊரில் பாடு கூட்டம். ஏரியில் எந்த வீடு என்றைக்கு எங்கே வலை போடலாம் என்கிற முறைதான் பாடு. பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். வீட்டின் மூத்த ஆண் நேரில் நின்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வருடம் அந்த வீட்டுக்கு ஏரி இல்லை. நைனா மாசியில் செத்துப்போனார். இந்த வருடம் என் பெயர். வலை போடுகிறவன் தம்பி டேவிட். அவனுக்கும் அம்மாவுக்கும் அதுதான் சோறு.

போன் போட்டால், சாதிக் பாய் சென்னையில் கல்யாண வீட்டில் இருந்தார். "ராத்திரிக்குத்தான் வர முடியும். நவுந்துடாத பெலிக்ஸு, கரன்ட் போச்சுனா நம்ம கதை கந்தல்!"

ஒரு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரை போனேன். ஞாயிறு மத்தியானமென்றால் இங்கே கரன்ட் போகாமல் இருந்ததே இல்லை. திரும்பி வந்து அந்த நாசமாய்ப்போன சர்வருக்கு முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வந்தது.

மூன்று மணிக்கு அம்மா கூப்பிட்டாள். "இன்னாடா, எந்தப் படகுலயும் உன்ன காணோம்?"

"வர முடியாதும்மா. ஸ்பீக்கர்ல போடு, இங்கேர்ந்தே சொல்றேன்."

"போன்ல சொன்னா செல்லாதாம்டா."

"தம்பிய நிக்கச் சொல்லு."

"நின்னுகினுதான் கீறான். மூத்தவன் உசுரோட கீறசொல்ல நீ யாருனு கேக்குறாங்க."

போனில் அவள் குரலுக்குப் பின்னால் என் பெயர் கேட்டது. நைனா பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டார்கள். இரண்டாவது முறை. மூன்றாவது முறை.

"கீறேன்!" என்று கத்தினேன். "கீறேன்யா!"

அடுத்த வீட்டுப் பெயரைக் கூப்பிட்டார்கள்.

 "சாப்டியாடா?" என்றாள் அம்மா.

திரையில் அறுபத்திரண்டு. திங்கள் விடிகாலை நாலு மணிக்கு நூறைத் தொட்டது. அதுவரை கரன்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை.