ஒருத்தன் மட்டும் வைத்திருந்த படம்

பஜாரிலிருந்து பொரி கடலையோடு வந்த ஆதிமூலத்துக்கு ஹாலில் கால் வைத்ததுமே பகீரென்றது. டி.வி.க்குப் பக்கத்தில் ராவும் பகலும் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருக்கும் கறுப்புப் பெட்டி அணைந்து கிடந்தது. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்தி. தையல் மெஷினுக்கும் அரிவாள்மணைக்கும் அதே அலங்காரம்தான்.

"மங்கை! இத யாரு நிறுத்தனது?"

"நான்தான். ஆயுத பூஜையன்னிக்கு எல்லா மெஷினுக்கும் ரெஸ்ட்டு குடுக்கணும். அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள் அவர் மனைவி.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் எழில் வாங்கி வைத்த பெட்டி அது. டோரண்ட் என்று ஒன்று இருக்கிறதாம். உலகத்தில் யார் யாரோ வைத்திருக்கும் படமெல்லாம் துண்டு துண்டாக அதில் வந்து சேருமாம். ஆதிமூலத்துக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் செஞ்சிக் கோட்டையில் எடுத்தது. ராஜகிரிப் படிக்கட்டில் நடக்கும் சண்டையில் இவர் ஒரு சிப்பாய். படம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. "நடிச்சாராம் நடிச்சாரு! கோட்டையில மாடு மேச்சத சொல்றாரு" என்று வந்த விருந்தாளியிடமெல்லாம் மங்கை சொல்லிச் சிரிப்பாள். எதற்கும் கோபப்படாத மனுஷனுக்கு இந்த ஒன்றில் மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

அந்தப் படத்தை வைத்திருப்பவன் உலகத்திலேயே ஒரே ஒருத்தன். எந்த ஊர்க்காரனோ! அவன் தன் மெஷினைப் போட்டால்தான் இங்கே இறங்கும். வாரக்கணக்கில் காணாமல் போயிருந்தவன் இன்று காலையில்தான் வந்திருந்தான். முக்கால்வாசி இறங்கிவிட்டது என்று எழில் சொன்ன சந்தோஷத்தில்தான் இவர் கடைக்கே போனார்.

"போடு எழிலு, சீக்கிரம்."

"பூஜையில வெச்சத நாளைக்குக் கற்பூரம் காட்டனப்புறம்தான் தொடணும் நைனா. அம்மா கத்தும்."

"அதுக்குள்ள அவன் போய்ட்டான்னா?"

"போய்ட்டா போனதுதான்."

சாமி குத்தம் என்றால் ஆதிமூலத்துக்கும் பயம்தான். பொரியை மென்றார், ருசிக்கவில்லை. முகம் தெரியாத அந்த மகராசனுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொண்டார்: அவன் வீட்டில் கரண்டு போகக்கூடாது, அவன் பொண்டாட்டி பூஜை போடக்கூடாது.

மறுநாள் கற்பூரம் காட்டியதும் எழில் பெட்டியைப் போட்டாள். புண்ணியவான், இருந்தான்! மத்தியானச் சோற்றுக்குள் முழுப் படமும் இறங்கிவிட்டது.

மூவரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். சண்டை வந்தது. படியெல்லாம் சிப்பாய்கள் ஓடினார்கள், வெட்டினார்கள், விழுந்தார்கள். ஆதிமூலம் நகர்ந்து நகர்ந்து திரைக்குக் கிட்டே போய்த் தேடினார். அவர் முகம் எங்குமே இல்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடக்கச் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மூஞ்சி வரல போலருக்குது" என்றார், யாரையும் பார்க்காமல். மங்கை சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தார்.

"நிறுத்துடி எழிலு. கொஞ்சம் பின்னால போ" என்றாள் மங்கை.

எழுந்து டி.வி. அருகே போய் நின்றாள். குப்புறக் கிடந்த பிணங்களில் ஒன்றின் பாதத்தில் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக விலகி நின்றது.

"இது உங்க நைனா காலுடி" என்றாள். அவள் சிரிக்கவில்லை. "வெயில்ல கல்லு எப்டி சுட்டிருக்கும்! வெறுங்காலோட கெடக்குறாரு பாரு."

முந்தானை நுனியால், திரையில் அந்தப் பாதத்தின் மேல் படிந்திருந்த தூசியை மெதுவாகத் துடைத்தாள்.