உலகம் பிறந்த வருஷமும் இருளப்பனின் மனுவும்

கண்டி நகரத்து உபதேசியார் சாமுவேல் அழகமுத்து, உலகம் படைக்கப்பட்ட வருஷத்தை வேதாகமத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பேராயர் முன்னிலையில் அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. கோட்டுக்கு இஸ்திரிகூடப் போட்டாயிற்று.

அவர் முன்னால் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து இருளப்பன் பிரஜாவுரிமை மனுவோடு நின்றான். அப்பன் பிறந்த வருஷம் எழுத வேண்டிய இடம் காலி. கெடு முடிய மூன்றே நாள். இங்கிலீஷில் மனு எழுத அவனுக்குத் தெரிந்த ஒரே ஆள் உபதேசியார்.

"சொந்த அப்பன் பொறந்த வருஷம் தெரியாதா ஒனக்கு? எனக்கு ஆதாமிலேருந்து தெரியும், கேளு!" என்று நோட்டை விரித்தார். "ஆதாம் உசிரோட இருந்தது தொள்ளாயிரத்து முப்பது வருஷம். அவர் மகன் சேத், தொள்ளாயிரத்துப் பன்னெண்டு..." நோவாவின் அப்பன் வரை ஒன்பது பேரின் ஆயுளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். "ஆக, நோவா பொறக்கிறப்போ உலகத்துக்கு வயசு ஏழாயிரத்து அறுநூத்தி இருபத்தஞ்சு!"

இருளப்பனுக்குள் ஏதோ இடறியது. கேட்டால் மனு போச்சு. ஆனாலும் நாக்கு முந்திக்கொண்டது.

"ஐயா, ஆதாம் செத்த பெறகா சேத் பொறந்தாரு?"

"என்னடா ஒளர்ற?"

"இல்லீங்க, எங்கப்பா அறுவது வயசுல செத்தாரு. அப்பவே நான் மூணு புள்ளைக்கு அப்பனுங்க."

உபதேசியாரின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. வேதாகமத்தைப் புரட்டினார். ஆதாமுக்கு நூற்று முப்பதாவது வயதில் சேத் பிறந்ததாக அங்கே தெளிவாகவே இருந்தது. மகன் பிறந்தபோது ஒவ்வொரு அப்பனுக்கும் இருந்த வயதை மட்டும் புதிதாகக் கூட்டியபோது ஆயிரத்து ஐம்பத்தாறுதான் வந்தது. ஒரே மூச்சில் உலகம் ஆறாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்குமேல் இளைத்துப்போயிற்று.

"பேராயர் முன்னால என் மானத்த காப்பாத்திட்டே, இருளப்பா," என்றவர் முதல் தடவையாக அவன் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார். "ஒனக்கு எத்தன வயசுல தோட்டத்துல பேர் பதிஞ்சாங்க?"

"பன்னெண்டுங்க. இருவத்திரெண்டாம் வருஷம்னு தொரை கடுதாசி குடுத்திருக்காரு."

"அப்போ நீ பொறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து. நீ பொறக்கிறப்போ அப்பனுக்கு?"

"இருவத்தொண்ணுன்னு சொல்லுவாரு."

"ஆயிரத்து எண்ணூத்தி எம்பத்தொம்பது!" காலி இடம் நிரம்பியது. உபதேசியாரின் நோட்டில் ஆதாமுக்குக்கூட இத்தனை அழகான கையெழுத்து வாய்த்ததில்லை.

மறுநாளே பிரஜாவுரிமைக் கந்தோரில் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள். இருளப்பன் நேரே தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தேங்காயோடு போனான்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் பூசாரி மூக்கையா.

"சேத்."

"நட்சத்திரம்?"

"அது தெரியலீங்க. அப்பனுக்கு நூத்தி முப்பது வயசுல பொறந்தாரு. ரொம்ப நல்ல மனுசன்."