சங்கொலி கேளாத மாலை

கார்முகில் கவிந்து நான்கு நாளாய்க் கதிரவன் முகம் காணாத கார்த்திகைத் திங்களில், ஏரி நிரம்பிக் கரையோரம் ததும்ப, ஆவடியை அடுத்த கோவில்பதாகை, நண்பகலோ மாலையோ எனப் பிரித்தறிய இயலாதவாறு நனைந்து கிடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு அது. படைக்கலத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கடைசல் பணியாற்றி ஓய்வுபெற்ற உத்தமன், தம் இல்லத்து வாயிலருகே நாற்காலியிட்டு, ஆலையின் மாலைச் சங்கு ஊதுவதை எதிர்நோக்கி அமர்ந்திருந்தார்.

ஓய்வுபெற்றவருக்குச் சங்கு எதற்கென வினவுவீராயின், கேளீர். ஆலையின் முதலுதவிக் குழுவில் ஊசியிடப் பயின்ற அவர், பணிக்காலத்திலேயே, காலையில் வேலைக்குச் செல்லுமுன்னும் மாலைச் சங்கு ஊதிய பின்னும், நீரிழிவுற்ற ஏழையர் இல்லந்தோறும் சென்று, மருத்துவர் குறித்த அளவில் மருந்தேற்றி, ஒரு குவளைத் தேநீரும் ஏற்காது திரும்புவார். வேலை ஓய்ந்தபின்னும் அத்தொண்டு ஓயவில்லை. சங்கு கேட்டே கிளம்பும் பழக்கமும் மாறவில்லை. அதில் அவருக்குச் சற்றே செருக்குண்டு என்பதை மறைப்பானேன்! ஊசியிடுமுன் ஒரு பருக்கையும் உண்ணலாகாதென அவர் கண்டித்தால், எதிர்த்துப் பேச எவருக்கும் துணிவிராது.

அன்றோ, வெள்ளத்தின் பொருட்டு ஆலைக்கு விடுமுறை. அதனை அறியாத உத்தமன், மழையின் தாலாட்டில் கண்ணயர்ந்தார். விளக்கேற்றும் வேளை கடந்தபின், அண்டை வீட்டுச் சாமுண்டீஸ்வரி நனைந்தவாறே ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"அண்ணாத்தே! பீவிம்மா கண்ணு சொருவிக் கெடக்குது. ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. இன்னா ஏதுன்னே தெர்ல, சீக்கிரம் வா!"

உத்தமன் திடுக்கிட்டெழுந்தார். கண்ணொளி மங்கித் தனித்து வாழும் ரசூல் பீவி, அவரிடம் இருவேளையும் ஊசி ஏற்பவர். காலையில் ஏற்றிய மருந்து உடலில் வேலை செய்துகொண்டிருக்க, மாலையுணவு தாமதித்தால் சர்க்கரை குன்றி உயிருக்கே கேடாகும். ஓடினார். முற்றும் நினைவிழக்காதிருந்த அம்மையாரின் தலையை மடியில் ஏந்தி, பல்லீறுகளில் சர்க்கரையைத் தேய்த்து, பின் விழுங்க இயன்றதும் சர்க்கரை நீரைச் சிறுகச் சிறுகப் புகட்டினார். நெடுநேரம் கழித்தே அம்மையார் கண் திறந்தார்.

"தம்பி, வந்துட்டியா? ஊசியப் போடு. சோறு அப்டியே கீது, ஒரு வாயி துன்னல."

"என்ன மன்னிச்சிடுக்கா."

"இன்னாத்துக்கு? நீ சொன்னத நான் மீறுவனா நைனா?"

அவர் கடிந்துரைத்திருந்தால் ஆறியிருக்கும் உத்தமனின் நெஞ்சு, அந்தச் சொல்லால் வெந்தது. ஊசியை அவர் தொடவில்லை. மூடி வைத்திருந்த சோற்றைப் பிசைந்து ஊட்டினார். கண்ணீர் வழிந்தது; துடைக்கவும் மறந்தார்.

தொண்டு புரிவோர் தாம் அளித்ததை எண்ணி மகிழ்வதுண்டு. அதனை ஏற்போர் தம் உயிரையே நம்பி ஒப்படைத்திருப்பதை எண்ணுவோர் மிகச் சிலரே. உத்தமன் அதன்பின் எவரையும் கண்டித்ததில்லை.